மலைநாட்டுச் சின்ன வீட்டில் சாமான் வைக்க எது நல்ல இடம்?

கல்யாணமாகி தலவாக்கலைப் பக்கத்து லயம் (தோட்டத்து வரிசை வீடு) ஒன்றுக்கு நான் வந்தது ஒரு பெப்ரவரி மாதம். நல்ல வெயில் காலம். கொண்டுவந்த சூட்கேசைக் கட்டிலுக்கு அடியில், பின்சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தேன். அந்த ஒரு இடம்தான் காலியாக இருந்தது. ஜூலை மாதம் ஆடிப் பூசைக்கு உடுத்தலாம் என்று திறந்தபோது, கூறைச் சேலையின் மடிப்பெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அடியில் வைத்திருந்த சாதாரண தரச் சான்றிதழ் ஊறி, மை கலங்கிப் போயிருந்தது. பிறகு அந்தச் சான்றிதழுக்கு மறுபிரதி எடுத்தேன். சேலையைத் தூக்கிப் போட மனம் வராமல் இன்னும் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு பண்டாரவளைப் பக்கத்தில் ஆசிரியர் விடுதி ஒன்றிலும், இப்போது 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய 550 சதுர அடி வீட்டிலும் இருந்து பார்த்துவிட்டேன். மூன்று இடத்திலும் கற்றுக்கொண்டது ஒன்றுதான். இந்த மலையில் சாமான் வைக்கக் காலி இடத்தைத் தேடக் கூடாது, காய்ந்த இடத்தைத் தேட வேண்டும். காய்ந்த இடத்தில் ஏற்கெனவே கட்டில் கிடந்தால், கட்டிலை நகர்த்திவிட்டு அலுமாரியை அங்கே வையுங்கள்.

புதிதாகக் குடிவருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 10 அடிக்கு 12 அடி காம்பராவும், ஒரு இஸ்தோப்பும் (முன்விறாந்தை), ஒரு குசினியும் மட்டுமே உள்ளவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அதைவிடப் பெரிய வீடென்றால் இன்னும் சுலபம்.

மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது?

சாமான் மூட்டைகளை உடனே பிரிக்க வேண்டாம். முதலில் வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள்.

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காற்றோடு சாய்ந்து அடிக்கும். தெற்கையும் மேற்கையும் பார்த்த சுவர்கள் அந்த மாதங்களில் காயவே காயாது. பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை, பசறைப் பக்கம் இது தலைகீழ். அங்கே ஜூன், ஜூலை, ஓகஸ்ட் வறட்சியான காலம். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரைக்கும் பெய்வதுதான் பெரிய மழை, அதன் பிற்பகுதி வடகிழக்குக் காற்றோடு வரும். ஆகவே அங்கே வடக்கு, கிழக்குச் சுவர்களைக் கவனியுங்கள். நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு பருவத்தின் ஈரமும் வரும், குளிரும் கூட.

அடுத்தது மேடு. மலைச் சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்பக்கத்து மண், சுவரில் பாதி உயரத்துக்குச் சேர்ந்தே கிடக்கும். அந்தச் சுவருக்கு மழைக்காலம் வெயில்காலம் என்று வித்தியாசமில்லை. என் சூட்கேஸ் இருந்ததும் அப்படியொரு சுவருக்குப் பக்கத்தில்தான். பின்னால் ஓடும் கான் (வடிகால்) மண்ணும் இலையும் அடைத்துக் கிடந்தால், அதைத் துப்புரவாக்குவதுதான் உங்கள் முதல் வேலை. அலுமாரி வாங்குவது அப்புறம்.

லயத்தில் நடுவில் உள்ள வீடென்றால் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள இரண்டு சுவர்களும் மழையைப் பார்ப்பதே இல்லை. தொங்கலில் உள்ள வீட்டுக்கு மூன்று பக்கமும் வெளிச்சுவர், அவர்களுக்கு அப்படிப்பட்ட சுவர் ஒன்றுதான். எதுவாக இருந்தாலும், மழை படாத சுவர் எது என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

உப்பு வைத்துப் பாருங்கள்

கையால் தொட்டுப் பார்ப்பது போதாது. குளிர்ந்த சுவர் எல்லாமே ஈரமாக இருப்பது போலத்தான் தோன்றும். என் மாமியார் சொல்லித் தந்த முறை இது: ஐந்தாறு சின்னத் தட்டுகளில் ஒவ்வொரு கரண்டி தூள் உப்பைப் பரப்பி, சாமான் வைக்கலாம் என்று நினைக்கும் இடங்களில் ஒவ்வொன்றாக வையுங்கள். கட்டிலுக்கடியில் ஒன்று, அலுமாரி வரப்போகும் மூலையில் ஒன்று, குசினிச் சுவரில் ஆள் உயரத்தில் ஒன்று, கூரைக்குக் கீழே பரணில் ஒன்று என்று. மழை பெய்கிற இரண்டு இரவுகள் அப்படியே இருக்கட்டும்.

மூன்றாம் நாள் காலையில் பாருங்கள். சில தட்டில் உப்பு பொலபொலவென்று இருக்கும். சிலதில் கட்டி பட்டிருக்கும். சிலதில் தண்ணீர் விட்டிருக்கும். இதற்கு ஒரு காரணம் உண்டு. காற்றில் ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். பூஞ்சணம் தாராளமாக வளருவதும் ஏறக்குறைய அந்த அளவு ஈரத்தில்தான். உப்பு கரைந்த இடத்தில் உங்கள் துணியும் புத்தகமும் பூஞ்சணம் பிடிக்கும் என்று நம்பிக்கொள்ளலாம். தண்ணீர் விட்ட இடத்தைக் கைவிடுங்கள். கட்டி பட்ட இடத்தில் பாத்திரம், வாளி, பிளாஸ்டிக் சாமான் வைக்கலாம். பொலபொலவென்று இருந்த இடம்தான் துணிக்கும் தாளுக்கும் அரிசிக்கும்.

வெயில் காலத்தில் வந்தவர்கள் இந்தச் சோதனையை மழை தொடங்கும்போது இன்னொரு தடவை செய்ய வேண்டும். பெப்ரவரியில் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். அதுவரைக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்க வீட்டுல எந்தச் செவுரு வேர்க்கும்?” லயத்தில் எல்லா வீடும் ஒரே மாதிரிதான், அவருடைய பதில் உங்களுக்கும் பொருந்தும்.

ஈரம் சுவருக்குள்ளிருந்தா, காற்றிலிருந்தா?

நல்ல இடம் என்று நினைத்த சுவர் ஈரமாக இருந்தால் உடனே விட்டுவிடாதீர்கள். ஒரு அடி சதுரப் பொலித்தீன் துண்டை அந்தச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பொலித்தீனின் உட்பக்கத்தில், சுவரைத் தொடும் பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நிலத்திலிருந்து ஏறுகிறது, அல்லது வெளியிலிருந்து ஊறுகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் வீட்டுக்குள் இருக்கும் ஆவிதான் குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது.

முதலாவதற்கு நீங்கள் தனியாகச் செய்யக்கூடியது குறைவு. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் பொதுவாக மூன்று அடி உயரம் வரை வரும். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும் கோடு அது எங்கே முடிகிறது என்று காட்டும். அதற்கு மேலே இறாக்கை (சாமான் தட்டு) அடிக்கலாம், அதற்குக் கீழே எதையும் ஒட்டி வைக்க வேண்டாம். இரண்டாவது வகையைக் காற்றோட்டத்தாலேயே பெரும்பாலும் சரிப்படுத்தலாம். தண்ணீர் கொதிக்கும்போது ஜன்னலைத் திறப்பது, ஈரத் துணியை உள்ளே காயப் போடாமல் இஸ்தோப்பில் போடுவது, சாமானுக்குப் பின்னால் இடைவெளி விடுவது, இவ்வளவுதான்.

கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் அதிகமாக நீராவி வரும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறக்குறைய 20 லீட்டர் தண்ணீர் ஆவியாக உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும். விறகிலும் ஆவி வரும், ஆனால் அது புகையோடு புகைக்கூட்டில் வெளியே போய்விடும். விறகை விட்டுக் கேஸுக்கு மாறிய பிறகுதான் சுவரெல்லாம் வேர்க்கிறது என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அடுப்புக்கு மேலே ஒரு ஓட்டையாவது வெளியே திறந்திருக்கட்டும்.

வீட்டுக்குள் ஒரு சுற்று

இப்போது இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர்தான் என் முதல் தெரிவு. அதிலும் குசினிக்கு அருகில் உள்ள பகுதி. அடுப்புச் சூடு கொஞ்சம் வந்துகொண்டே இருக்கும், மழை படாது. முழங்கால் உயரத்திலிருந்து தலை உயரம் வரைதான் அதிலும் நல்ல பகுதி. அதற்குக் கீழே நிலத்தின் குளிர், மேலே போனால் புகையும் தகரக் கூரையின் வேர்வையும். துணி அலுமாரி, புத்தகம், படுக்கை விரிப்பு எல்லாம் அங்கேதான் வர வேண்டும்.

அடுப்படிச் சுவர் வீட்டிலேயே அதிகம் காய்ந்த இடம். ஆனால் விறகு அடுப்பென்றால் கரியும் புகையும் சேரும். அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய், உப்பு, தீப்பெட்டி, இவை மூடியுள்ள டின்னில் இருந்தால் அங்கே சுகமாக இருக்கும். துணியை வைத்தால் புகை மணம் போகாது. நெருப்புக்கும் பயப்பட வேண்டும். லயத்தில் ஒரு வீட்டில் பற்றினால் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த வீட்டுக்கும் ஓடிவிடும். அடுப்புக்கு நேர் மேலே எதையும் தொங்கவிடாதீர்கள். மெயின் சுவிட்ச் பெட்டியைச் சுற்றியும் சாமான் அடுக்காதீர்கள்.

பரண் பார்க்க நல்ல இடம் போலிருக்கும். இரவில் தகரம் குளிர்ந்ததும், நாம் விடும் மூச்சும் சமையல் ஆவியும் அதன் அடியில் தண்ணீராகித் துளித் துளியாகச் சொட்டும். பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை, அந்த வழியே எலி ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை போய் வரும். பரணில் பழைய அண்டா, பொங்கல் பானை மாதிரி அடிக்கடி தேவைப்படாத உலோகச் சாமான் மட்டும் வைக்கலாம். கூரை அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் அதில் துளை போடவோ, அறுக்கவோ, உரசவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. கம்பியோ கொக்கியோ கட்ட வேண்டுமானால் மரத்தில் கட்டுங்கள்.

கட்டிலுக்கு அடியில் வைக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். சிறிய வீட்டில் அவ்வளவு பெரிய இடத்தை எப்படி விடுவது? பின்சுவரிலிருந்து கட்டிலையே ஒரு சாண் முன்னுக்கு இழுங்கள். கால்களுக்கு அடியில் புளொக் கல் வைத்து உயர்த்துங்கள். பெட்டிகளை நிலத்தில் வைக்காமல் பலகைச் சட்டத்தின் மேல் வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை வெளியே இழுத்துத் துடைக்கக்கூடியதாக இருந்தால் போதும். இழுக்க முடியாத அளவுக்கு அடுக்கினால் அங்கே என்ன நடக்கிறதென்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இஸ்தோப்பு மலைக்குப் போய்வரும் சாமான்களுக்கு. கூடை, படங்கு, கம்பளி, கவ்வாத்துக் கத்தி, சப்பாத்து எதுவும் ஈரத்தோடு உள்ளே வரக் கூடாது. ஆணி அடித்த ஒரு பலகை போதும். கத்தி மட்டும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். விறகும் அங்கேதான், ஆனால் கல்லின் மேல் அடுக்கிச் சுவரிலிருந்து தள்ளி. கறையான் விறகு வழியாகத்தான் கதவு நிலைக்கு ஏறும்.

இடத்தைச் சுத்தமாக்குவது

தேர்ந்தெடுத்த சுவரில் பழைய பூஞ்சணம் இருந்தால், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். உலர்ந்த தும்புத்தடியால் தட்டினால் தூள் வீடு முழுக்கப் பறக்கும். பிளீச்சிங் பயன்படுத்துவதென்றால் தனியாகப் பயன்படுத்துங்கள். கழிவறை கழுவும் அசிட்டோடோ வினாகிரியோடோ சேர்ந்தால் நச்சு வாயு வரும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய விடுங்கள்.

அப்புறம் சுண்ணாம்பு. மங்கலாகத் தெரிகிறதே என்று பளபளப்பான பெயின்ட் வாங்கி அடிக்கிறார்கள். ஈரச் சுவரில் அது கொப்பளித்து உரியும், ஈரம் உள்ளேயே சிறைப்படும். நீற்றின சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும், அதன் காரத்தில் பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. இரண்டு பூச்சு, ஒன்று காய்ந்த பிறகு மற்றது. அடிக்கும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுமாரியோ இறாக்கையோ சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிற்கட்டும், நிலத்திலிருந்து ஆறு அங்குலம் உயரட்டும். இடம் வீணாகிறதே என்று தோன்றும். அந்த இரண்டு அங்குலத்தில் ஓடும் காற்றுதான் உங்கள் துணியைக் காப்பாற்றுகிறது. இறாக்கையின் அகலம் 12 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அகலம் கூடினால் பின்வரிசையில் போன சாமான் அடுத்த வருடம்தான் வெளியே வரும். தோட்ட வீட்டில் சுவரில் துளை போடுவது, புதிதாகத் தடுப்பு எழுப்புவது என்றால் முன்கூட்டியே தோட்டத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. கால் வைத்த இறாக்கைக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, வீடு மாறும்போது கூடவே வரும்.

புதிதாக வாங்கப் பணமில்லை என்றால் பழைய டிரங்குப் பெட்டியோ, தேயிலை அனுப்பிய பழைய பலகைப் பெட்டியோ கிடைக்கிறதா என்று பாருங்கள். எங்கள் அம்மா வீட்டில் ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டி ஒன்றில்தான் எல்லோருடைய நல்ல துணியும் இருந்தது, ஒன்றுகூடப் பழுதாகவில்லை. மூடியுள்ள பெட்டிக்குள் துணி போகும்போது முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. மலையில் மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கிவிடும். காலை பத்து மணிக்குப் போட்டு இரண்டு மணிக்கு எடுத்துவிடுங்கள். சின்னத் துணியில் முடிந்த கரித்துண்டு நான்கைந்து பெட்டிக்குள் கிடந்தால் கொஞ்சம் ஈரத்தை இழுக்கும், மாதம் ஒரு முறை கரியையும் வெயிலில் காய வைக்க வேண்டும்.

எலி

சுண்டெலிக்கு ஒரு சுண்டுவிரல் நுழையும் ஓட்டை போதும். துணியைத் திணித்து அடைத்தால் கடித்துவிடும். சிமெந்தும் உடைந்த கண்ணாடித் துண்டும், அல்லது சட்டி தேய்க்கும் கம்பிச் சுருளை இறுக்கித் திணித்து அதன் மேல் சிமெந்தும் பூசுங்கள். எலி போன இடத்தில் அதன் சிறுநீர் பட்டிருக்கும். எலிக்காய்ச்சல் வருவது அதிலிருந்துதான். பழைய சாமானை இறக்கும்போது கையில் காயம் இருந்தால் கையுறையோ பொலித்தீன் பையோ போட்டுக்கொள்ளுங்கள்.

எதோடு எது சேரக் கூடாது

கோதுமை மாவும் அரிசியும் சாக்கிலேயே இருக்க வேண்டாம், இறுக்கமான மூடி போட்ட வாளிக்கு மாற்றுங்கள். உருளைக்கிழங்கு இருட்டில், வெங்காயம் காற்றில், இரண்டும் தள்ளித் தள்ளி. வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கைச் சமைக்காதீர்கள்.

தேயிலையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஃபெக்டரியில் அதை 3 வீத ஈரம் வரை உலர்த்தித்தான் வெளியே விடுகிறார்கள். அவ்வளவு காய்ந்த பொருள் பக்கத்தில் இருக்கும் ஈரத்தையும் மணத்தையும் எல்லாம் இழுத்துக்கொள்ளும். சவர்க்காரம், மண்ணெண்ணெய், கருவாடு இருக்கும் தட்டில் தேயிலைப் பையைத் திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் தேத்தண்ணியில் தெரிந்துவிடும். நல்ல பிஸ்கட் டின் ஒன்றைத் தேயிலைக்கென்றே ஒதுக்குங்கள்.

உரம், புல்லெண்ணெய் (களைகொல்லி), பூச்சி மருந்து, மண்ணெண்ணெய் எதுவும் காம்பராவுக்குள்ளும் குசினிக்குள்ளும் வரக் கூடாது. வெளியே பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று வேண்டும். மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிள்ளைகளுக்குப் போத்தலின் வடிவம்தான் தெரியும். கேஸ் சிலிண்டரும் மூடிய அலுமாரிக்குள் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேயே தேங்கி நிற்கும். நிலத்தோடு காற்று ஓடும் இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை

கடைசியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் மிகவும் சிறியது, ஒரு கொக்கி அளவு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் மண்ணுக்குள் போயின. தப்பியவர்களில் பலரிடம் உடுத்திய துணியைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று கட்டமாக வரும், கடைசிக் கட்டமான சிவப்பு வந்தால் வெளியேற வேண்டும். அந்த நேரத்தில் அலுமாரியைத் திறந்து தேட முடியாது.

பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள், வங்கிப் புத்தகம், அஸ்வெசும உதவிப்பணத்தின் விவரம், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் இரட்டைப் பொலித்தீன் உறையில் போட்டு, ஒரு தோள்பையில் வையுங்கள். உறைக்குள் போகும் முன் தாள்களை வெயிலில் சற்று நேரம் காய வைக்க மறக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம் பிடித்து, தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். தினமும் குடிக்கும் மருந்து இரண்டு நாளுக்கு, ஒரு டோர்ச், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் எழுதிய தாள், இவையும் உள்ளே இருக்கட்டும்.

பையைப் பூட்டி வைக்க வேண்டாம், பரணிலும் வைக்க வேண்டாம். வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில், மழை படாத சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டுங்கள். எங்கள் வீட்டில் அது சின்ன மகளுக்கும் எட்டும் உயரத்தில் தொங்குகிறது. மாதப் பிறப்பன்று அதை இறக்கித் தாள்களைத் தொட்டுப் பார்ப்பது அவளுடைய வேலை.